அவர் சட்டைக்கு நான் போட்ட கஞ்சி

கஞ்சி என்றால் எனக்குக் குடிக்கத்தான் தெரியும். அதைத் துணிக்கும் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களின் துணிக்குக் கஞ்சி எதற்கு? பால் சிந்திக் காய்ந்து, துணி தானாகவே விறைத்துக்கொண்டு நிற்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நடமாடியவர்கள் எங்கள் தோட்டத்தில் மூன்றே பேர்: கணக்கு எழுதும் கிராணி, பள்ளிக்கூடத்து வாத்தியார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர். அவர்கள் எதிரே வந்தால் நாங்கள் ஒதுங்கி வழிவிடுவோம். மரியாதை ஆளுக்கா, சட்டைக்கா என்று அப்போது நான் யோசித்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு டிரஸர் மாப்பிள்ளை அமைந்தார். தோட்டத்து டிரஸர்கூட இல்லை, ஈப்போவில் அரசாங்க உத்தியோகம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் போய், "எம் மவளுக்குக் கஞ்சிச் சட்டக்காரரு வந்திருக்காருலா" என்று சொல்லிவிட்டு வந்தாள். நானும் மிதப்பாகத்தான் இருந்தேன். பொய் சொல்வானேன்.

ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு பலகை வீட்டின் பின்பாதியை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். தகரக் கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் சாக்கடை ஓரமாகக் கொஞ்சம் மண். அந்த மண்ணில் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் நட்ட மரவள்ளி நின்றது. குடிபோன சில நாளிலேயே, கல்யாண லீவு முடியும் முன்பே, அவருக்குத் தைப்பிங்குக்கு மாற்றலாகிவிட்டது. "குவாட்டர்ஸ் கெடச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் இங்கயே இரு" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். குவாட்டர்ஸ் பற்றி நான் கேட்டால், "பேர் குடுத்திருக்கேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வரும்போது கையில் ஒரு பை இருக்கும். அதில் அந்த வாரத்து அழுக்கு யூனிஃபார்ம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இரண்டும் மொடமொடவென்று நிற்க வேண்டும். தைப்பிங்கில் அது நடக்கிற காரியமில்லை. அந்த ஊரில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை மணிக்கு வரும் என்றுதான் பந்தயம் கட்டுவார்கள். கஞ்சி போட்ட துணி அங்கே காய்வதற்குள் புளித்துவிடும். ஆகவே அழுக்கு ஈப்போவுக்கு வரும், வெளுத்தது தைப்பிங்குக்குப் போகும். நானும் ஈப்போ வெயிலும் கூட்டுச் சேர்ந்து அந்த வேலையைச் செய்தோம்.

முதல் வாரம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். குடிக்க வைத்திருந்த கஞ்சியிலேயே, உப்பும் பருக்கையுமாகச் சட்டைகளை முக்கி எடுத்துக் கொடியில் போட்டேன். கஞ்சி என்றார்கள், கஞ்சி போட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் சட்டைப் பையில் ஒரு பருக்கை, காலரில் ஒரு பருக்கை, கொடிக்கயிற்றில் எறும்பு வரிசை. அவர் சட்டையை உதறினார். பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு பொட்டலம் மரவள்ளி மாவை அடுப்படியில் வைத்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் திட்டமாட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம். திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம். வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவரை என்ன செய்வது?

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மாவில் நேரே கொதிநீரை ஊற்றினேன், கட்டி தட்டிப்போய், அந்தக் கட்டியெல்லாம் சட்டையில் காய்ந்து வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. கெட்டியாகக் காய்ச்சினேன், காலர் அட்டைபோல ஆகி அவர் கழுத்தில் சிவப்புக் கோடு போட்டது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் பார்க்காமல் வைத்தேன், சட்டையின் வாலில் பழுப்புத் தடம் விழுந்தது. பிறகு கைக்குப் பிடிபட்டது. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் மெல்ல விட்டுக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். பாலாக இருந்தது சட்டென்று கண்ணாடியாக மாறும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, இரண்டு சொட்டு நீலம் விட்டால் தும்பைப்பூ வெள்ளை வரும்.

கொஞ்ச நாளில் கடை மாவையும் விட்டுவிட்டேன். பின்னால் நின்ற மரவள்ளியைப் பிடுங்கி, தோல் சீவி, துருவி, தண்ணீரில் பிசைந்து பிழிவேன். கலங்கல் தண்ணீரை ஒரு பேசினில் விட்டு வைத்தால் மத்தியானத்துக்குள் மாவு அடியில் இறங்கி உறைந்துவிடும். மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு விரலால் அழுத்தினால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும். அதை வெயிலில் காயவைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். கடையில் கிடைக்கிற மாவுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று முன்பாதியில் குடியிருந்த அக்கா கேட்பார். பொழுது போக வேண்டாமா? வாரத்தில் ஆறு நாள் எனக்குப் பேச்சுத் துணை அந்த அக்காவும் ரேடியோவும்தான். அக்காவுக்கு லாரி ஓட்டும் புருஷன், வீடு நிறையப் பிள்ளைகள். சுவர் பலகைக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் கத்தலும் சிரிப்புமாக இருக்கும். இந்தப் பக்கம் நான் கிண்டுகிற கரண்டிச் சத்தம் கேட்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கஞ்சி போட்டுக் காய்ந்த சட்டையில் கை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கையை விட்டுப் பிரிக்க வேண்டும். சரசரவென்று கிழிகிற மாதிரி சத்தம் வரும், ஆனால் கிழியாது. தோள் வரைக்கும் என் கையை அவர் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். சில சமயம் வேலை முடிந்த பிறகும் கையை எடுக்க மனசு வராது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், புருஷன் பெண்டாட்டி நெருக்கம் என்று எனக்கு இருந்ததில் பாதி அதுதான். அந்தச் சட்டையில் அவரை நான் பார்த்தது கிடையாது. அவர் கலர் சட்டையில் வருவார், வீட்டில் இடுப்பில் சுற்றிய சாரோங்கோடு இருப்பார், கலர் சட்டையில் போவார். நான் வெளுத்ததையெல்லாம் பார்த்தது தைப்பிங் ஜனங்கள்.

இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடியது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். எனக்குப் போக இடம் என்று ஒன்று இருந்தால் அது தைப்பிங்தான். குவாட்டர்ஸ் மட்டும் கிடைக்கவில்லை.

எண்பது பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

"துணி எங்கங்க?"

"கஞ்சி அங்கயே போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"போட்டாச்சு" என்றார். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தபோது, பொத்தான் அறுந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தைக்கச் சொல்லிக் கொடுத்தார். வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட சட்டை. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். காலரின் உள்பக்கம் வெள்ளைச் செதில். தோள்பட்டையில் காய்ந்த கட்டி. வாலில் பழுப்புத் தடம். டோபி போட்டால் இப்படி இருக்காது. இது பழகாத கை. மாவில் நேரே கொதிநீரை ஊற்றுகிற கை. வடிகட்டத் தெரியாத, இஸ்திரிப் பெட்டியைக் கண்டு பயப்படுகிற ஒரு சின்னப் பெண்ணின் கை. எனக்கு அந்தக் கையைத் தெரியும். வந்த புதிதில் என் கை அப்படித்தான் இருந்தது.

பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவரோடு இருந்து இருந்து எனக்கும் கொழுக்கட்டை பழகிவிட்டது.

முன்பாதி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆம்பள துணி வேற கையில வெளுத்து வந்தா சும்மா இருக்கக் கூடாது தங்கச்சி. போயி நேர்ல பாத்துட்டு வந்துருலா. அவளா நானான்னு கேட்டுரு."

வாரங்கள் தள்ளிப்போயின. மாதம் ஒரு தடவை என்றாகிவிட்டது. கொடியில் என் புடவைகள் மட்டும் தொங்கின. நைலக்ஸ் புடவைக்குக் கஞ்சி வேண்டாம். டின் நிறைய மாவு அப்படியே இருந்தது. ஒருநாள் காலையில் அந்த டின்னைப் பையில் போட்டுக்கொண்டு தைப்பிங் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மாவு எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவள் முன்னால் டின்னை வைத்து, இந்தாம்மா, அவருக்குக் கஞ்சி போடுவது இப்படித்தான் என்று காட்டி அவமானப்படுத்தவா? இல்லை, கெஞ்சவா? பஸ் கோலக்கங்சார் ஊரைத் தாண்டும் வரைக்கும் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். செதில் உதிர்ந்த காலரைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்தேன். பாவம் என்றுகூடத் தோன்றிவிட்டது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சந்தைக்குப் பின்னால் ஒரு சீனர் கடையின் மாடியில் அறை என்று எப்போதோ சொல்லியிருந்தார். கடையில் டிரஸர் என்றதும் மேலே கை காட்டினார்கள். மரப்படியில் ஏறும்போதே டின்னில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான் பல வருஷம் கேட்ட சத்தம். படியிலேயே நின்றுவிட்டேன். பிறகு போய்க் கதவைத் தள்ளினேன்.

மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் சாரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் குந்தியிருந்தார். ஒரு பால்மாவு டின்னில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அறையின் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைச் சட்டைகள் தொங்கின. கீழே ஒரு மேசை விசிறி அவற்றைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மழைக்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

"என்ன, திடீர்னு?" என்றார். அதட்டலாக இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல இருந்தது. "சாப்டியா?"

நான் அறையைப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு கோப்பை. சீப்பை எடுத்துப் பார்த்தேன். நீள முடி ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பும் டியூட்டிக்குப் போடுகிற சப்பாத்தும் மட்டும் கிடந்தன. ஜன்னல் விளிம்பில் பொத்தானும் ஊசியும் நூலும் ஒரு சிறு டப்பாவில் இருந்தன. அடுத்த தடவை பொத்தான் அறுந்தால் அதற்கும் நான் வேண்டியதில்லை.

ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். அக்காவிடம் போய்ச் சொல்லி ஊரைக் கூட்டியிருக்கலாம். யாருமே இல்லை. அந்தப் பழகாத கை அவருடைய கைதான். எனக்குப் பதிலாக அவர் வேறு யாரையும் தேடிக்கொள்ளவில்லை. நான் இல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தனியாக நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் என்னிடமிருந்து மூன்று அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"வந்ததும் நல்லதாப் போச்சு" என்றார் அவர், டின்னை எட்டிப் பார்த்துக்கொண்டே. "இது என்னா, எப்ப பாத்தாலும் கட்டி கட்டியா வருது? எப்படித்தான் கிண்டுறதுன்னு தெரியல."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருக்கவில்லை. "பச்சத் தண்ணியில கரச்சுட்டு அப்புறமா ஊத்தணும்" என்றேன்.

"அட, இவ்ளோதானாலா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. "இனிமே ஒனக்கு அந்த சுசா இல்ல. எத்தன வருஷமா துணி தொவச்சு, கஞ்சி போட்டு… நானே பாத்துக்குறேன்."

சுசா என்று அவர் சொன்னது தொல்லை என்ற பொருளில். எனக்குத் தொல்லை தரக்கூடாது என்று நினைத்துச் சொன்னாரா, என் தொல்லை விட்டது என்று சொன்னாரா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெம்பில்லை. வருஷக்கணக்காகத் தொண்டையில் நின்றதைக் கேட்டே விட்டேன்.

"நான் இங்கயே வந்துரட்டாங்க?"

அவர் அடுப்புத் திரியைத் தணித்தார். "இங்க எந்நேரமும் மழ. துணி காயாது."

"நான் துணியவா கேட்டேன்?"

கரண்டியை டின்னின் விளிம்பில் தட்டி வைத்தார். பிறகு, தலையைத் தூக்காமல், "எனக்கு இப்படி இருக்குறது ஒரு மாதிரி நிம்மதியா இருக்கு. ஒம்மேல ஒண்ணும் கொற இல்ல. நான்தான் அப்படி" என்றார்.

அவர் என்னிடம் மனசைத் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான். குறை ஏதாவது இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பருக்கை விழுந்தால் வடிகட்டலாம், கட்டி விழுந்தால் கரைக்கலாம். ஒன்றும் குறை இல்லை என்கிறவரிடம் நான் எதைத் திருத்துவது? உள்ளே என்னவோ அறுந்துபோனது. அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவருக்கு மத்தியானம் டியூட்டி. போடுவதற்குக் காய்ந்த சட்டை ஒன்றும் தேறவில்லை. "தள்ளிக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் குந்தினேன். அவர் கிண்டிய கஞ்சியைக் கொட்டிவிட்டு, என் டின்னைத் திறந்து புதிதாகக் காய்ச்சினேன். பால் கண்ணாடியாக மாறும் நொடியில் இறக்கினேன். அவர் பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறியதும் ஒரு சட்டையை முக்கிப் பிழிந்து, ஈரத்தோடு அப்படியே மேசையில் விரித்து, ஆவி பறக்க இஸ்திரி போட்டேன். காலர், தோள், கை, முதுகு. ஒரு சுருக்கம் விடவில்லை. ஒட்டியிருந்த சட்டைக் கையைப் பிரிக்க நான் போவதற்குள் அவரே வாங்கித் தன் கையை நுழைத்துப் பிரித்துக்கொண்டார்.

பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி நின்றார். வீட்டில் சாரோங்கோடு குனிந்து சாப்பிடுகிற மனுஷர் இல்லை இவர். நெஞ்சு நிமிர்ந்து, தோள் அகன்று, தோட்டத்தில் நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோமே, அந்த ஜாதி ஆள். நான் கட்டிலோரம் ஒதுங்கி நின்றேன். அவர் கதவைத் தாண்டிப் போனார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். வழியில் இரண்டு பேர் "டிரஸரே" என்று கும்பிட்டார்கள். கூட வருகிறது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடை வரிசையின் முடிவுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பஸ்ஸுக்கு ஒரு வெட்டவெளியைக் கடக்க வேண்டும். அவர் கொண்டுவந்த ஒரு குடைதான் இருந்தது. "நீ புடி. நான் இப்படியே ஓரமாப் போயிருவேன்" என்று என் கையில் திணித்தார். சேர்ந்து போனால் இருவரும் பாதி பாதி நனைவோம். கஞ்சி போட்ட சட்டைக்கு மழை ஆகாது. இரண்டு துளி பட்டால் போதும், பட்ட இடம் தொய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு என்ன செய்தாலும் நிமிராது.

நான் மட்டும் குடையோடு நடந்து போய் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். போயிருப்பார் என்று நினைத்தேன், போகவில்லை. என்னைப் பார்த்தார். வாயை ஒரு தடவை திறந்து மூடினார். சட்டென்று ஒரு காலைத் தூக்கி மழைக்குள் வைத்து, பஸ்ஸை நோக்கி வரப் பார்த்தார்.

"நனையாதீங்க! சட்ட போயிரும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். கத்தியது நான்தான்.

அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். காலைப் பின்னால் எடுத்து, மறுபடியும் கூரைக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.